வயித்துல கை வெச்சுப் பாருங்க

எங்க ஊர்ப் பக்கம் வயிற்று வலிக்கு ஒரு புராணமே இருக்கிறது. பண்ருட்டிக்கு ஒட்டினாற்போல் திருவதிகை. பக்கத்துத் திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் சமணத்துக்குப் போய்த் தருமசேனர் ஆனார். அங்கே இருக்கும்போது தாங்க முடியாத வயிற்று வலி வந்தது. சூலை நோய் என்கிறது பெரியபுராணம். சமணர்கள் மந்திரித்த தண்ணீர் கொடுத்தார்கள், மயிற்பீலியால் தடவினார்கள், கேட்கவில்லை. கடலூர்ப் பக்கமிருந்த மடத்திலிருந்து ராவோடு ராவாகக் கிளம்பித் திருவதிகைக்கு வந்து அக்கா திலகவதியார் காலில் விழுந்தார். அக்கா திருநீறு கொடுத்தார், தம்பி கோயிலுக்குள் போய்ப் பாடினார், வலி நின்றது, திருநாவுக்கரசர் ஆனார். குடலையே கட்டி முடக்கிப் போட்ட வலி என்று அந்தப் பதிகத்தில் அவரே சொல்கிறார். ஆக, 1300 வருஷத்துக்கு மேலாக ஒரு வேளாளரின் வயிற்று வலி கோயில் கோயிலாகப் பாடப்பட்டுக்கொண்டிருக்கிறது.

எங்க அண்ணிக்கும் சில வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு வலி வந்தது. ஏழு மாசம் முழுகாமல் இருந்தார். முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. அப்பர் கடலூரிலிருந்து பண்ருட்டிக்கு வந்தார். எங்க சனம் பண்ருட்டியிலிருந்து கடலூருக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் ஜிப்மருக்கும் ‘எழுதிக் குடுத்த’ சீட்டோடு அலைகிறது. சமணர்கள் பீலியாலாவது தடவினார்கள். அண்ணி வயிற்றில் மூன்று நாளாக வைத்தியம் படித்த ஒரு கை படவில்லை. நான் பேச வந்தது அந்தக் கையைப் பற்றித்தான்.

வியாழக்கிழமை ராத்திரி வலி ஆரம்பித்தது. விட்டு விட்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பார், கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்காருவார், மறுபடி சுருளுவார். ‘சூட்டு வலிதான்’ என்று அம்மா சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தது. குடித்த கஷாயம் அப்படியே வெளியே வந்தது. விடியும்போது வாந்தி பச்சையாக இருந்தது. அண்ணன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார், கூட நானும் போனேன். ஓ.பி.யில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, ‘எந்த ஊரு?’ சொன்னோம். அடுத்தது, ‘ஊர்ல எந்தத் தெரு?’ இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று இதைப் படிக்கிற தோழர்களுக்கு நான் பொழிப்புரை எழுத வேண்டியதில்லை. மூன்றாவது, ‘பலாப்பழம் தின்னியா?’ பண்ருட்டியில் ஆனி மாசத்தில் பலாச்சுளை தின்னாத ஆள் யார்? ‘ரெண்டு சுளை தின்னேன்’ என்றார் அண்ணி. அதோடு நோய் இன்னதென்று முடிவாகிவிட்டது. மூன்று கேள்வியும் மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தபடியே கேட்டவை. அப்புறம் குழந்தைத் துடிப்பைக் கேட்கிற கருவியை வயிற்றில் ஒரு ஓரமாக வைத்தார்கள், டக்கு டக்கென்று சத்தம் வந்ததும் எடுத்துவிட்டார்கள். கருவி பட்டது. கை படவில்லை. ‘கொழந்த நல்லாருக்கு. வாய்வு. போ’. ஒரு ஊசி, ரோஸ் கலரில் ஒரு மருந்து.

அன்று சாயங்காலம் எங்க தெரு ஆயா வந்தது. கைராசிக்காரி என்று பேர். ‘கொடலேத்தம்’ என்று சொல்லி விளக்கெண்ணெய் போட்டு வயிற்றை உருவியது. உள்ளுக்கும் ஒரு கரண்டி விளக்கெண்ணெய் கொடுத்தது. அந்த மூன்று நாளில் அண்ணியைத் தொட்டவர் அந்த ஆயா ஒருத்திதான். செய்ததோ செய்யவே கூடாத வைத்தியம். ராத்திரி வயிறு மத்தளம் மாதிரி ஆகிவிட்டது. சனிக்கிழமை ஒரு தனியார் கிளினிக்கில் ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, கையிலிருந்த காசை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணிக்குப் பேச்சில்லை. வலி விட்டு விட்டு வருவது நின்று ஒரே வலியாகியிருந்தது.

அங்கே ராத்திரி டூட்டியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா இருந்தார். வந்ததும் கட்டிலில் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தார். சேலையை விலக்கி முதலில் வயிற்றைப் பார்த்தார். முதல் பிரசவத்து ஆபரேஷன் தழும்பை விரலால் தடவினார். பிறகு உள்ளங்கையை வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, மறுபடி வைத்தார். கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: ‘கடைசியா எப்பம்மா காத்து பிரிஞ்சுது?’ வியாழக்கிழமையிலிருந்து இல்லை. மூன்று நாளாக எங்களிடம் யாருமே கேட்காத கேள்வி அது. எங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றாத பதில். அந்தப் பெண் என்ன சாதி என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் நானும் அந்த ஓ.பி. மேசைக்காரியாகத்தான் ஆகியிருப்பேன்.

அன்று மத்தியானமே வயிற்றைத் திறந்தார்கள். பழைய தழும்பின் உள்பக்கத்திலிருந்து ஒரு ஒட்டு நார் மாதிரி வளர்ந்து, சிறுகுடலை ஒரு இடத்தில் சுருக்குப் போட்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு முழ நீளம் கறுத்துப் போயிருந்தது. வெட்டி எடுத்துத் தைத்தார்கள். அண்ணி பிழைத்துக்கொண்டார். குழந்தை ஆபரேஷனுக்கு முன்னாலேயே வயிற்றுக்குள் இறந்திருந்தது. ஆம்பிளைப் பிள்ளை.

இனி நோய்க்கு வருகிறேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. பிறகு டாக்டர் தோழர்களை நச்சரித்தும் புத்தகங்களைப் புரட்டியும் தெரிந்துகொண்டதுதான் இது. சிறுகுடல் இருபது அடி நீளக் குழாய். எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், குடல் சுரப்பு என்று நாளொன்றுக்கு ஏழெட்டு லிட்டர் நீர் அதற்குள் இறங்கும், பெரும்பகுதி திரும்ப உடம்புக்குள் உறிஞ்சப்படும். வழியில் ஓரிடம் அடைபட்டால் நீர் மேலே தேங்கும். குடல் அதைத் தள்ளப் பார்க்கும், அதுதான் விட்டு விட்டு வரும் வலி. தேங்கியது வாந்தியாக வரும், முதலில் பித்தப் பச்சை, முற்றினால் மலவாடை. வயிறு உப்பும். கீழே மலமும் வராது, காற்றும் பிரியாது. வெளியே தண்ணீர் குடிக்காத ஆள் மாதிரி உடம்பு வற்றும். கர்ப்பப்பைக்குப் போகிற ரத்தம் குறையும், குழந்தை வாடும். குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளமும் சேர்ந்து இறுகிவிட்டால் அந்தப் பகுதி அழுகத் தொடங்கும். வலி நிற்காமல் ஒரே வலியாவதும், காய்ச்சலும், நாடி ஓட்டமும் அப்போது வரும். அதற்குப் பிறகு கணக்கு மணி நேரத்தில்தான்.

கர்ப்பிணி அல்லாத ஒருத்தருக்கு வந்தால் இதை ஹவுஸ் சர்ஜனே கண்டுபிடித்துவிடுவார். வலி, வாந்தி, உப்பல், மலச்சிக்கல் என்று நாலும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கர்ப்பிணிக்கு இந்த நாலுக்குமே வேறு பெயர் காத்திருக்கிறது. வாந்தி என்றால் மசக்கை. வலி என்றால் சூட்டு வலி. உப்பல் என்றால் வாய்வு, இல்லாவிட்டால் ‘வயிறு பெருசாத்தான இருக்கும்’. மலச்சிக்கல் என்றால் இரும்புச்சத்து மாத்திரை. நாலு பெயரும் பொய் இல்லை, பெரும்பாலான பெண்களுக்கு அதுதான் உண்மை. அதனால்தான் ஆபத்து. மசக்கை வாந்தி பெரும்பாலும் நாலைந்து மாசத்தில் அடங்கிவிடும். அதற்கு மேல் புதிதாக வாந்தி ஆரம்பித்தால், அதுவும் பச்சையாக, வலியோடு வந்தால், அது மசக்கை இல்லை என்று வைத்துக்கொண்டு தேட வேண்டும். பெருத்த கர்ப்பப்பை வயிற்றுச் சுவரைக் குடலிலிருந்து தூக்கிப் பிடித்திருப்பதால், உள்ளே அழுகினாலும் மேலே தொடும்போது வயிறு இறுகிக் காட்டாது. ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை கர்ப்பிணிக்கு இயல்பாகவே கூடுதலாக இருக்கும், அதை வைத்தும் சொல்ல முடியாது. மிச்சம் இருப்பது காதும் கையும்தான்.

வருகிற காலமும் கொஞ்சம் கணக்கோடுதான் வருகிறது. நாலு, ஐந்து மாசத்தில் கர்ப்பப்பை இடுப்பெலும்பை விட்டு மேலே ஏறும்போது, கடைசி மாசங்களில் தலை கீழே இறங்கும்போது, பிரசவம் ஆனதும் கர்ப்பப்பை சட்டென்று சுருங்கும்போது. அப்போதெல்லாம் குடல் இடம் மாறுகிறது. பழைய ஒட்டு இருந்தால் அதில் மாட்டிக்கொள்கிறது. ஒட்டு இல்லாவிட்டாலும் பெருங்குடல் தன்னைத்தானே முறுக்கிக்கொள்வது உண்டு. நம்ம ஜனம் ‘கொடல் முறுக்கிக்கிச்சு’ என்று சொல்வது வெறும் பேச்சு இல்லை, சில நேரம் அச்சு அசல் நோய்க்குறிப்பு. குடலிறக்கமும் காரணமாகலாம். நம்ம நாட்டில் குடல் காசநோயும் உண்டு. காசநோய் நெஞ்சில் மட்டும்தான் வரும் என்று நினைக்கிறோம், குடலிலும் வந்து வழியைச் சுருக்கும்.

1992ல் ஒரு அமெரிக்க அறுவை மருத்துவ இதழில் இப்படிப்பட்ட 66 பெண்களின் விவரத்தைத் தொகுத்துப் போட்டார்கள். பாதிக்கு மேல், 58 விழுக்காடு, ஒட்டு. 24 விழுக்காடு முறுக்கு. கிட்டத்தட்ட நாலில் ஒருத்திக்குக் குடலை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. தாய்மார்களில் 6 விழுக்காடும் குழந்தைகளில் 26 விழுக்காடும் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து வயிற்றைத் திறக்க ஆன நேரம் நடுக்கணக்காக 48 மணி. கவனியுங்கள், எல்லா வசதியும் இருக்கிற இடங்களையும் சேர்த்துத்தான் இந்த 48 மணி. 2015ல் இங்கிலாந்திலிருந்து வந்த இன்னொரு தொகுப்பில் குழந்தை இழப்பு 17 விழுக்காடு, தாய் இறப்பு 2 விழுக்காடு. குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. ஆக, இந்த நோய் யாருக்கு வந்தாலும் தன்னை மறைத்துக்கொள்ளும். எங்களுக்கு வரும்போது அதன் மேல் சாதி வந்து இன்னொரு போர்வையைப் போர்த்துகிறது.

‘ஆயிரக்கணக்கான கர்ப்பத்தில் ஒருத்திக்கு வருகிற நோய்க்கு இயக்கப் பத்திரிகையில் எதற்கு இத்தனை பக்கம்?’ என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. ரத்தசோகை பற்றி எழுது, ரத்தப்போக்கு பற்றி எழுது என்றார். எழுதத்தான் வேண்டும். ஆனால் ரத்தப்போக்குக்கும் ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் அரசாங்கத்தில் படிவம் இருக்கிறது, கட்டம் போட்ட அட்டை இருக்கிறது. கட்டத்தை நிரப்பினால் ஓரளவு உயிர் தப்பும். தமிழ்நாடு அதைச் செய்து காட்டியிருக்கிறது, மறுக்கவில்லை. 2018-20 கணக்கில் லட்சம் பிரசவத்துக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தபோது இங்கே 54. குடல் அடைப்புக்குக் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாத இடத்தில்தான் எதிரே இருக்கிறவர் உன்னை மனுஷியாகப் பார்க்கிறாரா என்பது தெரியவரும். அந்த 54 பேரில் எத்தனை பேர் சேரிக்காரிகள் என்று அந்தக் கணக்கில் கிடையாது. சாதிவாரியாகத் தாய் மரணத்தை அது போடுவதில்லை.

அரிது, அரிது என்று சொல்லிக்கொண்டிருக்கவும் முடியாது. பாதிக்கு மேல் பழைய ஆபரேஷன் ஒட்டு என்று பார்த்தோம். தமிழ்நாட்டில் வயிற்றைக் கிழித்துப் பிறக்கிற குழந்தைகள் எத்தனை? தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019-21ல் 44.9 விழுக்காடு என்றது. தனியாரில் 63.8, அரசாங்கத்தில் 36. அதற்கு முந்தைய 2015-16ல் மொத்தம் 34.1தான் இருந்தது. தேவைக்குச் செய்கிற ஆபரேஷனை நான் எதிர்க்கவில்லை, அதனால் பிழைத்த தாய்கள் எங்க தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு தழும்புக்கு உள்ளேயும் ஒட்டு வளர வாய்ப்பிருக்கிறது. அடுத்த கர்ப்பத்தில் வயிறு வலித்து வாந்தி எடுத்து வருகிற பெண்ணிடம் தழும்பைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பது அவர்கள் கடமை இல்லையா? கிழிக்க மட்டும் கை வருகிறது, தடவிப் பார்க்கக் கை வருவதில்லை.

நம்ம இலக்கியத் தோழர்கள் சிலர் ஃபூக்கோவை மேற்கோள் காட்டாமல் டீக்கூடக் குடிப்பதில்லை. அவர் 1963ல் மருத்துவமனையின் பிறப்பைப் பற்றி எழுதிய நூலில் மருத்துவப் பார்வையின் அதிகாரத்தைப் பேசுகிறார். நோயாளியின் உடம்பை ஊடுருவிப் பார்க்கிற பார்வை. படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. ஐரோப்பிய உடம்புக்கு அது பிரச்சனையாக இருக்கட்டும். எங்க உடம்பை ஊடுருவ அல்ல, பார்க்கவே ஆளில்லை. ஸ்டெதாஸ்கோப் பிறந்த கதையும் அப்படித்தான். 1816ல் பாரிசில் லென்னெக் என்ற டாக்டர் ஒரு இளம்பெண்ணின் மார்பில் காது வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டுக் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஒரு முழம் தள்ளியிருந்து கேட்கக் கண்டுபிடித்த கருவி அது. அடைபட்ட குடலின் சத்தத்தை அதை வைத்துக் கேட்கலாம், ஆரம்பத்தில் உலோகம் உரசுகிற மாதிரி கணீரென்று ஓடும், குடல் செத்துக்கொண்டிருந்தால் அடங்கிவிடும். அன்றைக்கு அந்த ஓ.பி.யில் கருவி கழுத்தில்தான் தொங்கியது. ஒரு முழத் தூரமே போதவில்லை போலிருக்கிறது.

அந்த நர்ஸ் சாதி பார்த்துத்தான் தொடாமல் விட்டார் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. அன்று வரிசை வாசல் வரைக்கும் நின்றது. வரிசையில் இருந்த எல்லோரையும் அவர் அப்படித்தான் பார்த்தாரா என்று நான் நின்று கவனிக்கவும் இல்லை. தெரு கேட்டதற்கும் கை படாததற்கும் நடுவில் நான் போடுகிற முடிச்சு தப்பாகக்கூட இருக்கலாம். ஆனால் எங்க தலையில் இந்த முடிச்சு தானாக விழவில்லை. 2006ல் வந்த கிராமப்புறத் தீண்டாமை ஆய்வு 11 மாநிலங்களில் 565 கிராமங்களைப் பார்த்தது. மூன்றில் ஒரு கிராமத்தில் சுகாதார ஊழியர்கள் தலித் வீட்டுக்குள் வர மறுத்தார்கள். குஜராத், ராஜஸ்தானில் 200 தலித் குழந்தைகளை வைத்துச் செய்து 2010ல் வெளியான இன்னொரு ஆய்வில், மருந்து கொடுத்த பத்துத் தடவையில் ஒன்பது தடவை ஏதோ ஒரு வகையில் பாகுபாடு இருந்தது. 2018ல் ஐ.நா. பெண்கள் அமைப்பு எடுத்துச் சொன்ன கணக்கில் தலித் பெண் இறக்கிற சராசரி வயது 39.5, மேல்சாதிப் பெண்ணுக்கு 54.1. கிட்டத்தட்ட 15 வருஷம். இந்தப் பதினைந்து வருஷத்தைக் கொன்றது ஒரே நோய் இல்லை. தொடாமல் எழுதின சீட்டு, கேட்காமல் விட்ட கேள்வி, ‘நாளைக்கு வா’ என்று சில்லறை சில்லறையாகப் போன வருஷங்கள்.

1955ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டத்திலேயே ஆஸ்பத்திரியில் சேர்க்க மறுப்பது மட்டுமல்ல, சேர்த்த பிறகு பாகுபாடு காட்டுவதும் குற்றம். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ல் செய்த திருத்தம் ஆஸ்பத்திரிக்குள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் நுழையத் தடுப்பதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நல்லது. வாசலை மறித்தால் எஃப்.ஐ.ஆர். போடலாம். வாசலைத் திறந்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடி, மரியாதையாகக்கூடப் பேசி, வயிற்றில் கை வைக்காமல் அனுப்பினால் எந்தப் பிரிவில் போடுவது?

நம்ம பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். நாட்டு வைத்தியத்தை நம்ம பாரம்பரியம் என்று தூக்கிப் பிடிக்கிற போக்கு நம்மிடையே இருக்கிறது. அயோத்திதாசர் சித்த வைத்தியர்தான், மருத்துவச்சிகள் நம்ம தெருக்களில்தான் இருந்தார்கள், அந்த அறிவைப் பிடுங்கிக்கொண்டு நம்மை அசுத்தம் என்றார்கள். எல்லாம் சரி. ஆனால் அடைபட்ட குடலுக்கு விளக்கெண்ணெய் கொடுப்பது அடைத்த சாக்கடையில் மேலும் தண்ணீரைத் திறந்துவிடுகிற வேலை. குடல் இன்னும் வேகமாக முட்டும். உருவுவதும் தட்டுவதும் அழுகத் தொடங்கிய குடலைக் கிழித்துவிடலாம். எனிமா வைத்து ‘கொஞ்சம் போச்சு’ என்று திருப்திப்படுவதும் ஏமாற்று, அடைப்புக்குக் கீழே ஏற்கெனவே இருந்ததுதான் போயிருக்கும். எங்க ஆயா மேல் எனக்குக் கோபம் இல்லை. அது தொட்டது. அந்தக் கைக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். முழுகாமல் இருக்கிறவளுக்கு வயிற்று வலியும் வாந்தியும் சேர்ந்து வந்து காற்றும் பிரியவில்லை என்றால் வாய்க்கு ஒன்றும் கொடுக்காதே, வண்டியைக் கூப்பிடு என்று சொல்லியிருந்தால் கேட்டிருக்கும்.

பெரிய ஆஸ்பத்திரியிலும் ஒரு தடங்கல் வந்தது. எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று அந்த டாக்டரம்மா சொன்னதும், ‘புள்ளத்தாச்சிக்கு எக்ஸ்ரேயா?’ என்று எங்க அண்ணன் மட்டுமில்லை, அங்கே வேலை பார்க்கிறவர்களும் தயங்கினார்கள். வயிற்றுக்கு எடுக்கிற ஒரு எக்ஸ்ரேயில் கருவுக்குப் போகிற கதிர் அதிகம் போனால் 3 மில்லிகிரே. 50க்குக் கீழே கருவுக்குக் கேடு வந்ததாகக் காட்டப்படவில்லை. தேவையில்லாமல் எடுக்கக் கூடாதுதான். தேவைப்படும்போது எடுக்காமல் விட்டால் தாயும் போவாள் பிள்ளையும் போகும். ஸ்கேன் முதலில் பார்க்கலாம், எம்.ஆர்.ஐ. இருந்தால் கதிரே இல்லை, ஆனால் அதற்கு நாள் குறித்துக் காத்திருக்கிற நோய் இல்லை இது.

வைத்தியம் என்னவென்றால், முதலில் வாய்க்குத் தண்ணீர்கூட இல்லை. மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டுத் தேங்கியதை இறக்க வேண்டும். ரத்தக்குழாயில் நீரும் உப்பும் போன அளவுக்கு ஏற்ற வேண்டும், சிறுநீர் எவ்வளவு வருகிறது என்று அளந்துகொண்டே. ‘ரெண்டு பாட்டில் குளுக்கோஸ்’ இதற்குப் பதில் ஆகாது, அண்ணிக்கு லிட்டர் லிட்டராக ஏற்றினார்கள். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குழந்தைக்கு ரத்தம் போகும். ஒட்டினால் வந்த அடைப்பு சில பேருக்கு இதிலேயே விடுபடும். பெருங்குடல் முறுக்கு என்றால் சிலருக்குக் கீழ்வழியாகக் குழாய் விட்டே பிரித்துவிடலாம். விடுபடாவிட்டால், குடல் செத்துக்கொண்டிருக்கிறது என்ற சந்தேகம் வந்தால், கர்ப்பத்தைக் காரணம் காட்டித் தள்ளிப்போடாமல் நடு வயிற்றில் நெடுக்காகத் திறக்க வேண்டும். குழந்தையை எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. மாசம் போதாது என்றால் குடலைச் சரிசெய்து தைத்துவிட்டால் கர்ப்பம் தொடர்ந்து பிள்ளை பிறந்தவர்கள் இருக்கிறார்கள். மகப்பேறு டாக்டரும் அறுவை டாக்டரும் ‘இது உன் கேஸ், இது என் கேஸ்’ என்று தள்ளிக்கொள்ளாமல் சேர்ந்து நிற்க வேண்டும். கர்ப்பிணிக்கு வருகிற இந்த மாதிரி நோய்களில் அந்தத் தள்ளலிலேயே பாதி நேரம் போகிறது.

அம்பேத்கர் 1928 ஜூலை 28ல் பம்பாய் சட்டசபையில் மகப்பேறு பயன் மசோதாவை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்பது அவர் வாதம். 1943ல் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்து சுரங்க மகப்பேறு பயன் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டு வந்தவரும் அவர்தான். அவர் திருத்தம் கொண்டு வந்து 14 வருஷம் கழித்து, 1957ல், எங்க ஊருக்குப் பக்கத்திலேயே நெய்வேலியில் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். சுரங்கத்துக்குச் சட்டம் இருக்கிறது. கிலோ கணக்கில் கூலி வாங்கி, கொட்டை எண்ணெயில் விரல் வெந்து, வாசல் திண்ணையில் குந்தியபடி முந்திரி உடைக்கிறவளுக்கு எந்த முதலாளி எந்தச் சட்டத்தில் பதில் சொல்வான்? அண்ணி வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனதே அரை மனசோடுதான். போனால் அன்றைக்குக் கூலி இல்லை. ‘வாய்வு’ என்று சொன்னதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன். சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்ற நிம்மதி.

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பஞ்சமி நிலம் பேசுகிறோம், இடஒதுக்கீடு பேசுகிறோம், மேடையில் தலித் பெண்ணின் உடல் என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். அந்த உடலில் குடல் என்று ஒன்று இருப்பதும் அதிலிருந்து காற்று பிரிய வேண்டும் என்பதும் நமக்கு அசிங்கமாக இருக்கிறது. அண்ணி மூன்று நாளாக அண்ணனிடம்கூட அதைச் சொல்லவில்லை. நான் படித்தவள், நானும் கேட்கவில்லை. போன மாசம் எங்க தெருப் பெண்கள் கூட்டத்தில் இதைப் பேச எடுத்தபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்து முடித்த பிறகு ஒவ்வொருத்தராகச் சேலையை ஒதுக்கித் தழும்பைக் காட்டினார்கள். பதினேழு பேரில் ஒன்பது பேருக்குத் தழும்பு இருந்தது. குடல்வால் ஆபரேஷன் ரெண்டு, மீதி எல்லாம் பிரசவம். நர்ஸிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்தோம். ‘எனக்கு ஏற்கனவே ஆபரேஷன் ஆயிருக்கு. வாந்தி பச்சையா வருது. காத்து பிரியல. வயித்துல கை வெச்சுப் பாருங்க.’ கடைசி வரியைச் சொல்லும்போது மட்டும் எல்லோருக்கும் குரல் இறங்கிப் போச்சு. திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன்.

அண்ணி மறுபடியும் முந்திரி உடைக்கப் போகிறார். வயிற்றில் ரெண்டு தழும்பு, ஒன்று குறுக்கே, ஒன்று நெடுக்கே. ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு முழுக்க இங்கிலீஷில் இருந்தது. அதன் பின்பக்கத்தில் நான் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: என்ன ஆபரேஷன், எவ்வளவு குடல் எடுத்தது, எங்கே ஒட்டு, மறுபடி வரலாம் என்பது. பிளாஸ்டிக் கவரில் போட்டு ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறார்.